நெடிய அலைகளைச் செவிமடுத்தல்

ராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கடலோரமாய் நீண்டு கிடக்கும் பிரதேசத்தில் சப்தத்துக்குக் குறைவில்லை. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும், இரவு முழுவதும் வரிசை நிற்கும் கன்டெய்னர் லாரிகளும், மின்சார ரயில்களும், பட்டறைகளும் எழுப்பும் ஓசை அங்கு வசிப்போருக்குப் பழகிப்போன விஷயம். இந்த ஓசைக்கு நடுவில், காதுக்குப் புலப்படாத ஓர் அலை சுமார் 600 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்து, அவ்வூர்களின் வீடுகளையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்றுகொண்டிருக்கிறது. அதனை ஒரு மரச்சட்டத்தையும் செப்புக் கம்பியையும் கொண்டு சாதாரண மனிதர் ஒருவர் பிடித்துக் கேட்கலாம் என்பதையும், அதற்குத் தடையாயிருப்பது தூரமன்று, அண்டைவீட்டு மின்சாரமே என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ரேடியோ அலைகளில் குறுகியவை உண்டு, நெடியவை உண்டு. வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதைக் கொண்டு அலையின் நீளம் அமைகிறது. அதிர்வு குறையக் குறைய அலை நீளும். முற்காலத்தில் கிலோசைக்கிள் என்றும் இக்காலத்தில் கிலோஹெர்ட்ஸ் என்றும் வழங்கும் அளவு, வினாடிக்கு 1,000 அதிர்வைக் குறிக்கும். கைப்பேசியின் அலை ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். வினாடிக்கு 18,200 தடவை அதிரும் அலையோ சுமார் 16½ கிலோமீட்டர் நீளமுடையது. அதாவது அதன் ஒரு முனையை ராயபுரம் ரயில் நிலையத்தில் வைத்தால், மறு முனை எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு எல்லைக்குப் போய்விடும். இவ்வளவு நெடிய அலைக்குக் குன்றும் கட்டடமும் ஒரு பொருட்டல்ல. தரைக்கும், வானத்தில் உயரே மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலத்துக்கும் இடையே, வாய்க்காலில் நீர் செல்வதுபோல், அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அதிகம் தேயாமல் செல்லும். கடல் நீருக்குள்ளும் சில பத்து அடி ஆழம் வரை இறங்கும்.

இந்தக் கடைசிக் குணத்தினால்தான் கடற்படைகள் இவ்வலையை நாடின. நீர்மூழ்கிக் கப்பல் மேலே வராமலே செய்தி பெறுவதற்கு வேறு சுலபமான வழி இல்லை. திருநெல்வேலி ஜில்லாவில் விஜயநாராயணம் என்னும் கிராமத்துக்கருகே இந்தியக் கடற்படை 1990-ஆம் ஆண்டில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற நிலையத்தை ஏற்படுத்தியது. அதன் உயர்ந்த கம்பம் சுமார் 470 மீட்டர் உயரமுடையது. நம்ப முடியாத உயரம் என்று தோன்றினும், அலையின் நீளத்தில் அது முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். மேலே கூறிய 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை இந்நிலையத்தினுடையதே. உலகெங்குமுள்ள நெடிய அலை அபிமானிகள் அதனை வி.டி.எக்ஸ். என்னும் அழைப்பெழுத்தால் அறிவார்கள்.

சென்னைக் கடற்கரைக்கு இவ்வித்தை புதிதன்று. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மன் கப்பலான எம்டன் துறைமுகத்துக்கு அருகில் வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது யாவரும் அறிந்த சரித்திரம். தந்திரசாலியை “எம்டன்” என்று சொல்லும் வழக்கம் இன்றும் தமிழில் உண்டு. ஆனால் அக்கப்பலின் தந்திரத்தில் பாதி அதன் காதில் இருந்தது என்பதைப் பலர் அறியார். எம்டன் தன் கம்பியில்லாத் தந்தி யந்திரத்தை வாய்மூடி வைத்துக்கொண்டு, தன்னைத் தேடிவந்த பிரிட்டிஷ் கப்பல்கள் ஒன்றோடொன்று பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. சங்கேத மொழி விளங்காவிட்டாலும், ஒலி பலத்தால் பகைவன் நெருங்குகிறான், மெலிந்தால் விலகுகிறான் என்று கணித்தது. அர்த்தத்தை விட்டுவிட்டுப் பலத்தை மட்டும் கவனித்தல் என்னும் இம்முறையே இன்றைய அமெச்சூருக்கும் உரியது. விஜயநாராயணத்துச் செய்திகள் சங்கேதத்தில் அமைந்தவை. அவற்றைப் பிரித்துப் படிக்க முயல்வது சட்டத்துக்கு விரோதம். படிக்கவேண்டிய அவசியமும் இல்லை. அலை இன்று எவ்வளவு பலமாக வருகிறது என்பது ஒன்றே கேள்வி.

பொழுதுபோக்காக ரேடியோ கேட்போர் சங்கம் ஒன்று இந்நகரில் 1924-ஆம் வருஷம் மே 16-ஆம் தேதி தோன்றியது. ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியாரின் முயற்சியால் ஏற்பட்ட சென்னை மாகாண ரேடியோ கிளப் அது. அதே ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி, சிறிய யந்திரமொன்றை வைத்துக்கொண்டு, சங்கத்தார் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் ரேடியோ நிலையம் எதுவும் இம்மாகாணத்தில் அப்போது இல்லை. ஆர்வமும் அறிவும் குறைவின்றி இருந்தும், பணமுடையால் 1927-ஆம் வருஷம் அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. யந்திரம் நகரசபையின் கைக்கு வந்து, 1930-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நகரசபை ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938-ஆம் வருஷம் ஜூன் 16-ஆம் தேதிதான் பிறந்தது. கூட்டு முயற்சிகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துப் பழகியோருக்கு இந்த வரலாற்றில் ஒன்று உடனே தட்டுப்படும். யந்திரம் கெட்டு அந்தச் சங்கம் நிற்கவில்லை. மாதாந்தர வரவுக்கு உறுதியான ஏற்பாடு இல்லாமையே அதனை நிறுத்தியது. ஒலிபரப்புவதற்கு வேண்டிய செலவு, கேட்பதற்கு வேண்டியதில்லை. ஆகையால் இக்காலத்தில் கேட்கும் சங்கம் அமைப்போருக்கு அவ்வளவு பயமில்லை.

இனிச் சாதனங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நெடிய அலைக்கு நெடிய கம்பம் வேண்டுமென்று எண்ணுவது இயல்பு. அனுப்புவதற்குத்தான் அது வேண்டும். கேட்பதற்கு மீட்டருக்கு மீட்டர் சதுரமாக ஒரு மரச்சட்டம் செய்து, அதன்மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பியை 50 சுற்றுச் சுற்றினால் போதும். கம்பி 200 மீட்டர் ஆகும். 26 கேஜ் கம்பியானால் எடை சுமார் 300 கிராம். மோட்டார் காயில் கட்டும் வைண்டிங் கடைகளில் இக்கம்பி எடைக்குக் கிடைக்கும். திருவொற்றியூர் ஹைரோட்டில் இத்தகைய கடைகளுக்குப் பஞ்சமில்லை. சட்டத்தில் ஆணிக்குப் பதில் மரமுளை வைப்பது உத்தமம். கடற்காற்றில் ஆணி துருப்பிடித்துக் கம்பியின் எனாமலை அறுத்துவிடும். சுற்றி முடித்தபின் வார்னிஷ் பூசி உலரவிடவேண்டும்.

சுருளின் இரு முனைகளையும் ஒரு சிறு பெருக்கியின் வழியாகக் கம்ப்யூட்டரின் மைக் துவாரத்தில் இணைப்பது வழக்கம். ரேடியோப் பெட்டியே தேவைப்படாதது இம்முறையின் விசேஷம். கம்ப்யூட்டரின் சவுண்டு கார்டு வினாடிக்கு 48,000 தடவை மாதிரி எடுக்கக்கூடியதானால், அதில் பாதியாகிய 24,000 அதிர்வு வரையுள்ள அலைகளை அது நேராகவே உணரும். விஜயநாராயணத்தின் 18.2-ம், ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலுள்ள என்.டபிள்யூ.சி. நிலையத்தின் 19.8-ம், ஜப்பானில் எபினோ என்னுமிடத்திலுள்ள நிலையத்தின் 22.2-ம் இதற்குள் அடங்கும். மாதிரி 44,100 ஆயின் எபினோ தப்பிப் போகும். வரும் அலைகளைத் திரையில் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் லேப் போன்ற புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெருக்கிக்குரிய உதிரிச் சாமான்களை ரிச்சி தெருவில் வாங்கலாம். பழைய லேப்டாப் ஒன்று இருந்தால், அதுவே இவ்வேலைக்குப் புதியதைவிட மேல். பழுதானாலும் நஷ்டம் அதிகமில்லை.

சட்டத்தை எப்படி நிறுத்துவது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. சதுரத்தின் விளிம்பு எத்திசையை நோக்கி நிற்கிறதோ அத்திசையிலிருந்து வரும் அலையைச் சுருள் நன்கு ஏற்கும். அதன் முகப்பை நோக்கி வருவது ஏறக்குறைய மறைந்துவிடும். திருவொற்றியூரிலிருந்து விஜயநாராயணம் தென்மேற்கில், தெற்கை அதிகம் ஒட்டிய திசையில் இருக்கிறது. 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்திலுள்ள ஆஸ்திரேலிய நிலையமோ தென்கிழக்கில், வெறும் கடலுக்கு அப்பால் உள்ளது. கடல் நீர் அலைக்கு நல்ல பாதையாகையால், இவ்வளவு தூரத்து நிலையமும் வியக்கத்தக்க பலத்தோடு வரும்.

சட்டமும் கம்பியும் ஆயின. வீட்டு மாடியில் வைத்துப் பார்ப்பவர் முதலில் காண்பது ஏமாற்றமே. திரை முழுவதும் வேலியிட்டாற்போல் கோடுகள் நிற்கும். அவை வினாடிக்கு 50 தடவை மாறும் வீட்டு மின்சாரமும் அதன் மடங்குகளும் ஆகும். அவற்றின்மேல் கைப்பேசி சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் புகைபோல் ஓர் இரைச்சலைப் பரப்பும். இவற்றில் அளவில் சிறியதாகிய சார்ஜரே பெரிய குற்றவாளியாயிருப்பதைக் காணலாம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் நடத்தினால் பாதி இரைச்சல் அப்பொழுதே அகலும். பிறகு வீட்டு மெயினை அணைத்துப் பார்க்கவேண்டும். அப்படியும் மிஞ்சுவது பக்கத்து வீட்டாருடையது, அல்லது வீதிக் கம்பத்தினுடையது.

எண்ணூரில் நிலைமை இன்னும் கஷ்டம். அங்கே 1970-களின் தொடக்கத்திலிருந்து ஓடிவந்த அனல் மின் நிலையம் 2017-ஆம் வருஷம் மார்ச்சுடன் நிறுத்தப்பட்டது. எனினும் அத்திப்பட்டுப் பக்கத்திலுள்ள வடசென்னை அனல் மின் நிலையத்திலிருந்து புறப்படும் உயரழுத்தக் கம்பிகள் உப்பளங்களையும் கழிமுகத்தையும் கடந்து செல்கின்றன. ஈரமும் உப்பும் கரியும் படிந்த இன்சுலேட்டர்களில் இரவு நேரத்தில் மின்சாரம் சிறிது சிறிதாகக் கசிந்து பொறிக்கும். கம்பியின் கீழே நிற்பவர் அந்தச் ‘சர்’ரென்ற ஓசையைக் காதாலேயே கேட்கலாம். சுருளுக்கு அது இடிமுழக்கம்.

ஆகையால் இவ்வித்தையில் பாதி வேலை, நல்ல இடம் தேடுவதே. சட்டத்தையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து வடக்கே கரையோரமாகச் செல்பவர், கால் மைலுக்கு ஒரு தடவை நின்று அளந்து குறித்துக்கொண்டே போகலாம். ரயில் பாதையிலிருந்தும் ஹைரோட்டிலிருந்தும் விலகி, கருங்கல் தடுப்புச் சுவரின் கடல்புறம் சென்றால் இரைச்சல் படிப்படியாய்க் குறையும். பழவேற்காடு வரையில் போக முடிந்தவர்களுக்கு அதைவிட அமைதியான இடம் கிடைக்கும். இதற்கும் முன்பாக வேண்டியது ஒன்று உண்டு. துறைமுகமும் மின் நிலையங்களும் காவலுக்குட்பட்ட இடங்கள். கரையில் கம்பிச் சுருளோடும் கம்ப்யூட்டரோடும் இருட்டில் உட்கார்ந்திருக்கும் வாலிபனைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசார் கேள்வி கேட்டால் அது அவர்கள் பிழையன்று. போலீஸ் ஸ்டேஷனிலும், அக்குப்பத்துப் பஞ்சாயத்தாரிடமும் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நலம். குப்பத்துப் பெரியவர் ஒருவர் “நம்ம பிள்ளைதான்” என்று சொன்னால், எந்தக் கடிதத்தையும்விட அது அதிகம் உதவும்.

புயலோ மழையோ காரணமாக வட்டாரம் முழுவதும் மின்தடை ஏற்படும் இரவுகளில், மற்றவர்கள் விசிறியின்றித் தவிக்கும்போது, இவ்வபிமானிக்கு மட்டும் ஒரு லாபம் உண்டு. வேலி விலகி வெளி தெரியும். கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி நடந்த காலத்தில் இத்தகைய மௌனத்தை விதியாகவே வைத்திருந்தார்கள். 500 கிலோஹெர்ட்ஸ் என்பது அக்காலத்து ஆபத்து அழைப்பின் அலை. சென்னைக் கரை நிலையம் வி.டபிள்யூ.எம். என்ற அழைப்பெழுத்தோடு கப்பல்களுடன் பேசிவந்தது. ஒவ்வொரு மணியிலும் 15-ஆவது நிமிஷம் முதல் 18 வரையிலும், 45 முதல் 48 வரையிலும் அந்த அலையில் எவரும் சாவியைத் தொடலாகாது. மெலிந்த ஆபத்துக் குரல் ஏதேனும் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கப்பல் கடிகாரத்தின் முகத்தில் அந்த நிமிஷங்களுக்குச் சிவப்பு வர்ணம் தீட்டியிருப்பார்கள். 1999-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி புதிய உலக ஆபத்துச் செய்தி முறை முழுவதும் அமலுக்கு வந்ததோடு அவ்வழக்கம் முடிந்தது.

நிலையங்களின் அலையைத் தவிர வேறு சிலவும் காதில் விழும். சுருளின் ஒலியை நேராக ஹெட்போனில் கேட்டால், அடுப்பில் உப்பு வெடிப்பதுபோல் ஓயாத படபடப்புக் கேட்கும். அத்தனையும் மின்னல்கள். வங்காள விரிகுடாவிலோ, சுமத்திரா பக்கத்திலோ, இன்னும் தொலைவிலோ வெட்டியவை. இரவில் சில படபடப்புகள் நீண்டு, கம்பியைச் சுண்டினாற்போல் ஒலிக்கும். தரைக்கும் வானப் படலத்துக்கும் இடையே பலமுறை மோதி வந்ததன் அடையாளம் அது. மேல்நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு, ‘விசில்’ போல் இறங்கும் ஒலியையும் எதிர்பார்ப்பவர்கள் உண்டு. பூமியின் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வான்வெளிக்குப் போய்த் திரும்பும் ஒலி அது. சென்னை காந்த மத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் இங்கு அது கிட்டுவது அரிது. கிட்டவில்லையென்று சாதனத்தின்மேல் பழி போடலாகாது.

மின்னல் ஒலி அதிகரிப்பதைக் கொண்டு இடிமழை நெருங்குவதை உணரலாமே, காசிமேட்டுப் படகுகளுக்கு உதவுமே என்ற யோசனை எழுவது சகஜம். ஒரே சுருளைக் கொண்டு மின்னலின் தூரத்தை அளக்க முடியாது. அருகில் மெலிதாக வெட்டியதும் தொலைவில் பெரிதாக வெட்டியதும் ஒன்றுபோல் கேட்கும். பல நிலையங்கள் ஒரே மின்னலைக் கேட்ட நேரங்களை ஒப்பிட்டுத்தான் இடம் கணிக்கிறார்கள். கடலுக்குப் போவதும் போகாததும் வானிலை இலாகாவின் எச்சரிக்கையையும் துறைமுகத்துப் புயல் கூண்டையும் பார்த்துத் தீர்மானிக்கவேண்டிய காரியம். உயிர் விஷயத்தில் விளையாட்டுச் சாதனத்தை நம்புதல் தகாது.

இவ்வளவு பாடுபட்டு அலையின் பலத்தை அளப்பதால் பிரயோஜனம் யாதெனில், அது வானத்தின் உயரத்தை அளப்பதாகும். பகலில் சூரியனுடைய கதிரால் மின்னூட்டம் பெறும் படலம் சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில் அலையைத் திருப்பும். இரவில் அது 85, 90 கிலோமீட்டருக்கு ஏறிவிடும். பலூன் அவ்வுயரத்தை எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வில் நிலைக்காது. அலையே அங்கு போய்வரும் தூதன். அன்றாடம் பதிவு செய்யும் கோட்டில் சூரியோதயமும் அஸ்தமனமும் பள்ளங்களாகத் தெரியும். சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தால், சுமார் எட்டு நிமிஷத்தில் அதன் எக்ஸ் கதிர் இங்கு வந்து படலத்தைக் கலக்க, கோடு சில நிமிஷங்களில் சட்டென்று மாறி, பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். மேகம் மூடிய மார்கழிப் பகலிலும் இதனைக் காணலாம்.

2009-ஆம் வருஷம் ஜூலை 22-ஆம் தேதி வடஇந்தியாவின் மேல் பூரண சூரிய கிரகணம் சென்றபோது, கல்கத்தாவிலுள்ள இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தார் பன்னிரண்டுக்கு மேற்பட்ட இடங்களில் இத்தகைய சிறு சாதனங்களை வைத்து விஜயநாராயணத்து அலையை அளந்தார்கள். சில இடங்களில் அலை பலத்தது. வேறு சில இடங்களில் மெலிந்தது. ஒரே இடத்தில் மட்டும் அளந்திருந்தால் இரண்டிலொன்றே உண்மையென்று முடிவு கட்டியிருப்பார்கள். ஒருவர் வாங்கும் விலையுயர்ந்த ஒரு யந்திரத்தைவிட ஐவர் செய்யும் மலிவான ஐந்து சட்டங்கள் மேல் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டுவதில்லை. ராயபுரத்தில் ஒருவரும், திருவொற்றியூரில் ஒருவரும், எண்ணூரில் ஒருவரும், பழவேற்காட்டில் ஒருவருமாகச் சேர்ந்தால், கோட்டில் ஒரு மாறுதல் தோன்றும்போது அது சூரியனுடையதா, பக்கத்து வெல்டிங் பட்டறையினுடையதா என்ற சந்தேகம் உடனே தீரும். நால்வரிடமும் தெரிந்தால் சூரியன். ஒருவரிடம் மட்டும் தெரிந்தால் பட்டறை. கோடு திடீரென்று அடியோடு மறைந்தால், நிலையத்தையே பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கலாம். அதனால்தான் ஆஸ்திரேலிய நிலையத்தையும் கூடவே பதிவு செய்து வைக்கவேண்டும்.

பதிவில் தேதி, மணி, சட்டம் நின்ற திசை, அன்று மின்தடை இருந்ததா என்ற விவரம் ஆகியவை அவசியம் இருக்கவேண்டும். கம்ப்யூட்டரின் கடிகாரத்தை வாரம் ஒரு முறையேனும் சரிபார்க்க வேண்டும். நால்வரின் கடிகாரங்கள் நான்கு மணி காட்டினால் ஒப்பிடுதல் வீண். செலவு சிறிதாயினும் வரவு செலவுக் கணக்கு ஒன்று எழுதி, கம்பி யாருடையது, லேப்டாப் யாருடையது என்பதையும் குறித்துவிடுவது நல்லது. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்று தொடங்கிய சங்கங்களே சண்டையில் முடிந்திருக்கின்றன.

சென்னையில் ரேடியோ கிளப் தோன்றிய அதே 1924-ஆம் வருஷத்தின் டிசம்பர் முதல் தேதி, ஸ்வீடன் தேசத்தில் கிரிமெட்டன் என்னுமிடத்தில் 17.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஒரு நிலையம் வேலை தொடங்கியது. வால்வுகள் இன்றி, சுழலும் பெரிய சக்கரத்தாலேயே அலையை உண்டாக்கும் யந்திரம் அதனுடையது. அதனைப் பழுது நீக்கிப் பாதுகாத்து, குறித்த சில நாட்களில் இன்றும் ஓட்டுகிறார்கள். கேட்டவர்கள் எழுதினால் அத்தாட்சிக் கார்டு அனுப்பும் வழக்கமும் இருந்தது. வடசென்னைக் கரையிலிருந்து அதனைப் பிடிப்பது மிகவும் கடினமான காரியம். சுருளைத் திருத்தி, இடத்தைத் திருத்தி, சில வருஷம் பழகியவர் முயன்று பார்க்கலாம்.

அதைவிடக் கிட்டத்தில் உள்ள நாள் ஒன்று இருக்கிறது. 2031-ஆம் வருஷம் மே 21-ஆம் தேதி கங்கண சூரிய கிரகணத்தின் நிழல் கேரளத்திலிருந்து மதுரை வழியாகக் கிழக்கே செல்லும். விஜயநாராயணத்திலிருந்து திருவொற்றியூருக்கு வரும் அலையின் பாதையை அந்நிழல் குறுக்கே வெட்டும். அன்றைய கோட்டின் பொருளை அறிய, அதற்கு முந்திய வருஷங்களின் மே மாதக் கோடுகள் கையில் இருக்கவேண்டும். அவற்றை இப்போதே எழுதத் தொடங்கினால்தான் உண்டு.